முதலில் காண்போம், பிறகு நிறுத்துவோம்

திருத்தணியின் சிற்ப மரபும் ஊர்க் கண்காட்சியும்: அறக்கட்டளைச் சொற்பொழிவு



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் நம் ஊர்களில் பெரும்பாலும் இலக்கியமோ சமயமோ பேசுபொருளாக அமையும். இவ்வாண்டு சிற்பத்தையும் ஓவியத்தையும் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். அந்த எண்ணத்துக்கு என் நன்றி. ஊரின் பொது இடங்களில் நல்ல சிற்பங்கள் நிற்க வேண்டுமானால் என்ன செய்வது என்பதுதான் என் முன் வைக்கப்பட்ட கேள்வி.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலை வைப்பதற்கு முன் ஊர் பார்க்கப் பழக வேண்டும். ஆண்டுதோறும் தவறாமல், ஊரிலேயே, ஊராரின் கைவேலையை முன்னிறுத்திக் கண்காட்சி நடக்க வேண்டும். பார்த்துத் தேர்ந்த கண்கள் உள்ள ஊரில் மோசமான சிலைக்கு இடம் கிடைப்பது கடினம். அப்படிப்பட்ட கண்கள் இல்லாத ஊரில் எத்தனை இலட்சம் செலவிட்டாலும் நல்ல சிலை அமைவது அரிது. இந்த ஒரு கருத்தைத்தான் திருத்தணியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சான்றாக வைத்து விரித்துச் சொல்லப் போகிறேன்.

நந்தியாற்றங்கரைக் கற்றளி

திருத்தணி என்றதும் மலையும் 365 படிகளும் முருகனும் நினைவுக்கு வருகின்றன. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வருபவர்களும், ஆங்கிலப் புத்தாண்டையொட்டிய படித்திருவிழாவுக்கு வருபவர்களும் சரவணப் பொய்கையில் நீராடி மேலே ஏறிவிடுகிறார்கள். இதே ஊரில் நந்தியாற்றங்கரையில் இருக்கும் வீரட்டானேசுவரர் கோயிலைத் தேடி வருபவர்கள் குறைவு.

அது 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், அபராசிதவர்ம பல்லவன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் எடுப்பித்த கற்றளி. விமானத்தின் பின்புறம் வளைந்து செல்லும் அமைப்பைத் தூங்கானை மாடம் என்பார்கள். சுவர்க் கோட்டங்களில் பிள்ளையார், தட்சிணாமூர்த்தி, திருமால், நான்முகன், துர்க்கை ஆகியோர் இருக்கிறார்கள். பிற்காலச் சோழர் கோயில்களில் நாம் சுற்றி வந்து வணங்கும் கோட்டத் தெய்வ வரிசை உருப்பெற்று வந்த காலத்தின் சான்று இக்கோயில். பல்லவர் கட்டடக் கலையின் கடைசிக் கட்டத்தை அறிய விரும்பும் ஆய்வாளர்கள் இங்கே வராமல் இருக்க முடியாது. நம்பி அப்பியின் திருப்பணியைப் போற்றும் வெண்பா ஒன்றும் இங்கே கல்வெட்டாக இருக்கிறது. அதை இயற்றியவர் அரசரே என்னும் குறிப்பும் உடன் பொறிக்கப்பட்டிருக்கிறது. கோயில் எடுத்தவரைப் பாராட்டி அரசனே வெண்பா எழுதிய ஊர் இது. ஆனால் அந்தக் கோட்டத்து உருவங்களைச் செதுக்கிய கைகளின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை.

இக்கோயிலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். தென்மேற்கே, அரக்கோணத்துக்கும் சோளிங்கருக்கும் இடையே மகேந்திரவாடி. தனித்து நிற்கும் ஒரே பாறையைக் குடைந்து, மகேந்திரவர்மன் தன் பெயராலேயே திருமாலுக்கு எடுத்த குடைவரை அங்கே இருக்கிறது. சித்திரகாரப்புலி என்று விருதுப்பெயர் சூடிக்கொண்ட மன்னன் அவன். வடக்கே, எல்லையைக் கடந்தால், ரேணிகுண்டாவுக்கு அருகில் குடிமல்லம். கிறிஸ்துவுக்கு முற்பட்டது என்று பல அறிஞர்கள் கருதும் இலிங்கம் அங்கே வழிபாட்டில் இருக்கிறது. இலிங்கத்தின் முகப்பில் வேட்டுவக் கோலத்தில் சிவன் நிற்கிறார். அக்கோயிலின் விமானமும் தூங்கானை மாடம்தான். ஆந்திரத்தில் இருக்கும் அக்கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. இன்று இரண்டு மாநிலங்களுக்கு உரியவையாக இருக்கும் இந்த இடங்கள் ஒரே சிற்ப நிலத்தின் பகுதிகள். திருத்தணி அதன் நடுவில் இருக்கிறது.

மலைமேல் இருக்கும் ஒரு சிற்பப் பாடத்தையும் சொல்ல வேண்டும். முருகன் சன்னிதிக்கு எதிரே மயிலை எதிர்பார்த்து வருபவர்கள் இங்கே யானையைக் காண்கிறார்கள். அந்த யானையும் சன்னிதியைப் பார்க்காமல் கிழக்கே பார்த்து நிற்கிறது. தெய்வயானையை மணம் முடித்துக் கொடுத்தபோது இந்திரன் ஐராவதத்தையும் சீராகக் கொடுத்தான் என்றும், யானை போனபின் தேவலோகத்தின் வளம் குன்றியது என்றும், அதன் பார்வையாவது அங்கே விழட்டும் என்று முருகன் அருளினார் என்றும் தலக்கதை சொல்கிறது. முழுக் கதையையும் சொல்வதற்குச் சிற்பி செய்தது ஒன்றே ஒன்று: யானை பார்க்கும் திசையை மாற்றினார். ஒரு சிலை எங்கே நிற்கிறது, எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது அதன் பொருளில் பாதி. நம் சந்திப்புகளில் சிலை வைப்பவர்கள் இந்த யானையிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஆலங்காட்டு ஆடல்

இங்கிருந்து சிறிது நேரப் பயணத்தில் திருவாலங்காடு. நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை. 1905இல் அங்கே வெளிப்பட்ட இராசேந்திர சோழனின் 31 செப்பேடுகள் சோழர் வரலாற்றை எழுத உதவிய முதன்மைச் சான்றுகளில் ஒன்று என்பதை மாணவர்கள் அறிவார்கள். அதே ஊரின் பெயரைத் தாங்கிய நடராசர் செப்புத் திருமேனி சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்து நடராசர் படிமங்களின் ஒளிப்படங்கள் பாரிசுக்குச் சென்றன. பிரெஞ்சுச் சிற்பி ரொதேன் அவற்றைப் பார்த்தார். 1913ஐ ஒட்டி அவர் எழுதிய குறிப்புகள், அவர் மறைந்த பிறகு, 1921இல் நூலில் வெளியாயின. அக்காலத்து உலகின் மிகப் பெரிய சிற்பி என்று மதிக்கப்பட்டவர் நம் வட்டாரத்துப் படிமத்தை ஒளிப்படத்தில் பார்த்து, அதன் இடுப்பையும் தோளையும் கால் வீச்சையும் தனித்தனியே எடுத்து எழுதினார். திருத்தணிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அதை நேரில் பார்த்திருப்பார்கள்? எழும்பூர் தூரம் இல்லை. இரயிலில் போய் அன்றே திரும்பலாம். அப்படிக் கூட்டிச் செல்லும் வழக்கம்தான் இன்னும் வேரூன்றவில்லை.

ஆலங்காடு என்றால் காரைக்கால் அம்மையார். இறைவனின் ஆடலைக் காண்பதற்காக அழகிய உடலை உதறி, பேயுருவை வேண்டிப் பெற்ற பெண். வற்றிய மார்பும் துருத்திய எலும்புமாகக் கையில் தாளத்தோடு அமர்ந்திருக்கும் அவருடைய செப்புப் படிமங்களைச் சோழ நாட்டுக் கலைஞர்கள் வார்த்தார்கள், மக்கள் வணங்கினார்கள். முதுமையை, மெலிவை, உழைத்த உடம்பைச் சிற்பத்துக்குரிய பொருளாக ஏற்றுக்கொண்ட சமூகம் நாம். இன்று ஒரு தலைவருக்குச் சிலை செய்யச் சொல்பவர்கள் சிற்பியிடம் கேட்பது என்ன? முகச் சுருக்கம் வேண்டாம், உடம்பு கொஞ்சம் நிறைவாக இருக்கட்டும், மேலே பொன் வண்ணம் பூசிவிடுங்கள். அம்மையாரை வார்த்த மரபு நடுவில் எங்கோ நம் கையை விட்டுப் போயிருக்கிறது.

மண்ணில் கிடக்கும் துரியோதனன்

பொதுவெளிச் சிற்பம் என்றதும் பீடத்தில் நிற்கும் உருவத்தை மட்டும் நினைக்கிறோம். நம் வட்டாரத்துக்கு அதைவிடப் பழகிய வடிவம் ஒன்று இருக்கிறது. தொண்டை நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. நிறைவு நாளில் படுகளம். அன்று கோயில் திடலில் மண்ணைக் குவித்துத் துரியோதனனை மல்லாந்து கிடக்கும் பேருருவமாகச் செய்கிறார்கள். முகத்துக்கு மீசை, மார்புக்கு அணிகள், உடம்பு முழுக்க வண்ணம். கட்டை கட்டிய பீமன் வந்து தொடையை அடிப்பான். திரௌபதி கூந்தலை முடிப்பாள். உருவம் கலைக்கப்படும். அந்த மண்ணில் ஒரு பிடியை வீட்டுக்கு எடுத்துச் செல்வோரும் உண்டு. பின்பு தீமிதி.

சிற்பக் கலையின் கண்ணோடு இதைப் பாருங்கள். பல அடி நீள உருவம். தரையில் கிடப்பதால் எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம், சுற்றி நடக்கலாம். ஒரு நாளுக்காகச் செய்யப்பட்டு, ஊர் கூடிப் பார்த்து, ஊர் கூடி அழிப்பது. மேலை நாடுகளின் கலைக்கூடங்கள் இடம்சார்ந்த கலை, நிகழ்த்துக் கலை என்று கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளாகப் பேசிவருவதை நம் சிற்றூர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகின்றன. எல்லைக்கு இந்தப் பக்கத்திலும் அந்தப் பக்கத்திலும் செய்கின்றன. ஆனால் அந்த மண்ணுருவத்தைச் செய்பவரைச் சிற்பி என்று நாம் அழைப்பதில்லை. கல்யாண முருங்கை மரத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதிப்பவரை ஓவியக் கண்காட்சிக்கு அழைப்பதில்லை. பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறிக்காகச் சேலை முந்தியைக் கட்டத்தாளில் வரைபவரைக் கலைஞர் என்று நினைப்பதே இல்லை. ஊரில் கலைஞர்கள் இல்லை என்று சொல்லும்போது நாம் உண்மையில் சொல்வது, அவர்களைக் கலைஞர்களாகப் பார்க்க நமக்கு ஓர் இடம் இல்லை என்பதைத்தான். கண்காட்சி அந்த இடத்தைத் தரும்.

சிலைகள் பெருகிய நூற்றாண்டு

ஆள் உருவச் சிலை நமக்குப் புதியதன்று. திருமலையில் கோயில் வாயிலைக் கடந்ததும் கிருஷ்ணதேவராயர் இரு தேவியரோடு நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். 16ஆம் நூற்றாண்டின் தென்னாட்டுப் பேரரசர் கைகூப்பிய நிலையில், உள்ளே போகும் மக்களோடு மக்களாக நிற்கிறார். தலைக்கு மேல் கை நீட்டி ஆணையிடும் அரசர் அங்கே இல்லை.

ஆங்கிலேயர் ஆட்சி வேறொரு மரபைக் கொண்டுவந்தது. உயர்ந்த பீடம், குதிரை, கீழே பெயர்ப் பலகை. சென்னையில் தாமஸ் மன்றோ சிலை 1839இல் அப்படி நின்றது. விடுதலைக்குப் பின் அந்தப் பீடங்களில் நம் தலைவர்கள் ஏறினார்கள். அதற்கு ஆழ்ந்த காரணம் இருக்கிறது. ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க விடாமல் தடுக்கப்பட்ட மக்கள், தங்கள் தலைவரை ஊர் நடுவில் தலைநிமிர்ந்து நிற்க வைத்தார்கள். அம்பேத்கர் சிலையின் கையிலிருக்கும் புத்தகம் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு எத்தனை பெரிய செய்தி! 1968 சனவரியில் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் வள்ளுவர், ஔவை, கண்ணகி, பாரதி, போப், கால்டுவெல் முதலியோருக்குச் சிலைகள் எழுந்தன. ஒரு மொழி தன் வரலாற்றைக் கடற்கரையில் வரிசையாக நிறுத்திக்கொண்டது. சிலை வைக்கும் விருப்பத்தைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையும் இல்லை, மனமும் இல்லை.

ஆனால் அந்த விருப்பம் எந்த வடிவத்தில் வந்து நிற்கிறது? சிற்பியின் கையில் ஓர் ஒளிப்படத்தைக் கொடுக்கிறோம். திறப்பு விழாத் தேதியையும் கொடுக்கிறோம். மண் மாதிரி செய்யவும், அச்சு எடுக்கவும், மெழுகு வார்ப்பில் உலோகமாக்கவும் வேண்டிய நாட்கள் கிடைப்பதில்லை. சிமென்டிலோ ஃபைபரிலோ அவசர உருவம் ஒன்று வந்து நிற்கிறது. பின்பு மோதல் வருகிறது, யாரோ கல் எறிகிறார்கள், கம்பிக் கூண்டு போடப்படுகிறது. தமிழ்நாட்டில் கூண்டுக்குள் நிற்கும் தலைவர்களைப் பார்க்கும்போது வேதனைப்படாத நெஞ்சு உண்டா? அவர்கள் எந்தக் கூண்டுகளை உடைக்கப் பாடுபட்டார்களோ அதே கூண்டுகளுக்குள் அவர்களை வைத்திருக்கிறோம்.

சட்டமும் தலையிட்டிருக்கிறது. சாலைகளிலும் நடைபாதைகளிலும் பொதுப் பயன்பாட்டு இடங்களிலும் புதிய சிலைகளுக்கு அனுமதி தரக் கூடாது என்று 2013 சனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பொது இடங்களில் உள்ள சிலைகளைத் தலைவர்கள் பூங்கா அமைத்து அங்கே மாற்றும்படி 2021 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. இவற்றைத் தடையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. நான்கு பேருந்துகள் திரும்பும் சந்திப்பில் யாராலும் நின்று ஒரு சிலையைப் பார்க்க முடியாது. முறையான அனுமதியோடு பள்ளி வளாகத்திலோ நூலக முற்றத்திலோ பூங்காவிலோ நின்றால் குழந்தை சுற்றி வரலாம், முதியவர் அருகில் உட்காரலாம், மாணவர் வரையலாம்.

பெயர் சொல்லாத சிலைகள்

நல்ல சிலைக்கு நம்மிடம் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் 1959 சனவரி 25 அன்று திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலை அவருடையது. நான்கு பேர் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். நால்வருக்கும் பெயர் இல்லை. மாலை போட வசதியான கழுத்தும் இல்லை. எல்லாம் முதுகும் தொடையும் நரம்பும். அந்த உருவங்களுக்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் அக்கல்லூரியின் இரவுக் காவலர். தலைநகரத்துக் கடற்கரையின் மிகச் சிறந்த இடத்தை ஓர் இரவுக் காவலரின் உடம்புக்குக் கொடுத்தது அந்தச் சிற்பியின் துணிவு. இன்றுவரை தமிழ்நாட்டில் மே நாள் என்றால் அந்தப் படம்தான் அச்சாகிறது.

அதே கல்லூரியில் எஸ். தனபால் பாரதிதாசன், பெரியார் ஆகியோரின் தலைகளை வடித்தார். அவர் விரல் மண்ணில் அழுந்திய தடத்தைத் தேய்த்து மழமழப்பாக்காமல் விட்டார். அதனால் அந்த முகங்கள் சிந்திக்கின்றன. குடியாத்தம் என்னும் நெசவு ஊரில் பிறந்த சி. தட்சிணாமூர்த்தி அக்கல்லூரியில் படித்து, அங்கேயே கற்பித்து, கல்லிலும் சுடுமண்ணிலும் எளிய மனித முகங்களைச் செய்தார். கேரளத்திலிருந்து வந்து படித்த கானாயி குஞ்ஞிராமன், 1969இல் மலம்புழா அணைப் பூங்காவில் யட்சியை அமைத்தார். தலைமுடியைப் பற்றியபடி, ஆடையின்றி, கால் பரப்பி வானத்தைப் பார்த்து அமர்ந்திருக்கும் பேருருவம். எதிர்ப்பு எழுந்தது. சிற்பி அங்கேயே தங்கி வேலையை முடித்தார். இன்று மலம்புழாவின் அடையாளமே அந்த யட்சி.

மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி மரபுவழிச் சிற்பிகளை உருவாக்கிவருகிறது. அம்மரபின் பெரியவரான கணபதி ஸ்தபதி வடிவமைத்த 133 அடி வள்ளுவர் சிலை 2000 சனவரி 1 அன்று குமரி முனையில் திறக்கப்பட்டது. ஆக, தமிழ்நாட்டில் கைகள் இருக்கின்றன. கல்லிலும் செம்பிலும் மண்ணிலும் உலகத் தரத்தில் வேலை செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எதைக் கேட்பது என்று தெரிந்த ஊர்கள்தான் வேண்டும்.

கண்காட்சி வளர்த்த கலைஞர்கள்

கேட்கத் தெரிவது எப்படி? நல்ல பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் காது பழகுகிறது. கண்ணும் அப்படியே. தமிழ்நாட்டின் தற்காலக் கலை வரலாற்றைப் பார்த்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கண்காட்சி நிற்கிறது. அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். ஐந்தே ஆண்டுகளில், 1855இல், தென்னாட்டுக் கலைகளையும் கைத்தொழில்களையும் காட்டும் பெரிய கண்காட்சி சென்னையில் நடந்தது. 1870களில் சென்னைக் கண்காட்சியில் பெற்ற பரிசுதான் இளைஞர் இரவி வர்மாவை நாடறியச் செய்தது. 1944இல் கே.சி.எஸ். பணிக்கரும் தோழர்களும் முற்போக்கு ஓவியர் சங்கம் அமைத்தது, தங்கள் படைப்புகளைச் சேர்ந்து காட்டுவதற்குத்தான். அந்தக் கூட்டுறவே 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமமாக வளர்ந்தது. பாடிக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணத்தில் அவர்கள் அந்த நிலத்தை வாங்கினார்கள் என்பதைத் திருத்தணி வட்டார நெசவாளர்கள் முன் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி. கைத்தொழிலும் கலையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இவையெல்லாம் சென்னையில் நடந்தவை. சிற்றூர்களுக்கு என்ன வந்தது? அரசின் கலை பண்பாட்டுத் துறை இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பிக்கும் ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழு கலைஞர்களுக்குக் கண்காட்சிகளும் விருதுகளும் நடத்துகிறது. அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. வாய்க்கால்கள் இருக்கின்றன. ஆனால் போட்டி முடிந்ததும் பிள்ளையின் படம் சுருட்டப்பட்டு அலமாரிக்குள் போய்விடுகிறது. பரிசு பெற்றவர் பெயரைச் செய்தித்தாளில் படிக்கிறோம். அவர் என்ன வரைந்தார் என்பதை ஊர் பார்ப்பதில்லை. ஊர் பார்க்காத ஓவியம் ஓவியருக்கும் ஊருக்கும் ஒன்றும் கற்றுத்தராது.

இவ்வூரில் செய்யக் கூடியவை

எனவே சில வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஆண்டுக்கொரு கண்காட்சி. ஆடிக் கிருத்திகையின் நெருக்கடி முடிந்த பிறகு, படித்திருவிழாவுக்கு முன், பத்து நாட்கள் போதும். பள்ளி மண்டபமோ திருமண மண்டபமோ எதுவாயினும் ஆண்டுதோறும் அதே இடம், அதே நாட்கள். தொடர்ச்சிதான் உயிர். வேலை முடித்து வருபவர்களுக்காக இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளின் ஓவியங்களும், ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்களின் படைப்புகளும், கூத்துக் கிரீடங்களும், நெசவு வரைபடங்களும், மயிற்பீலிக் காவடிகளும், குயவர் கைமண்ணும் ஒரே கூரையின் கீழ் இருக்கட்டும். ஒவ்வொன்றின் அருகிலும் செய்தவர் பெயரும் ஊரும் பொருளும் ஆண்டும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதப்பட வேண்டும். நந்தியாற்றங்கரைச் சிற்பிகளின் பெயர்களை இழந்தோம். இனி இந்த ஊரில் எந்தக் கையின் பெயரும் காணாமல் போகக் கூடாது. படைப்புகளுக்கு விலை எழுதுங்கள், ஊரார் வாங்குங்கள். பார்வையற்றவர்கள் தொட்டுப் பார்க்க ஒரு நாளை ஒதுக்குங்கள். சிற்பத்தைக் கண்ணுக்கு மட்டும் உரியதாக ஆக்கிவிடக் கூடாது.

இரண்டாவது, அந்தப் பத்து நாட்களில் மூன்று நடைகள். வீரட்டானேசுவரர் கோயிலுக்கு ஒன்று, திருவாலங்காட்டுக்கு ஒன்று, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒன்று. பிள்ளைகள் கையில் வரைதாளும் பென்சிலும் இருக்கட்டும். கைப்பேசியில் படம் எடுத்தால் நொடியில் முடிந்துவிடும். துர்க்கையின் இடுப்பு வளைவை ஒரு மணி நேரம் வரைந்த பிள்ளை அதை வாழ்நாள் முழுவதும் மறக்காது. எல்லைக்கு அப்பால் நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் பள்ளிகளை அழையுங்கள். முருகனைக் காண அவர்கள் வருகிறார்கள். கலையைக் காணவும் வரட்டும்.

மூன்றாவது, இனி ஊரில் எந்தச் சிலை வைப்பதானாலும், அதற்கு முன் சிற்பிகளிடம் சிறு மாதிரிகள் கேட்டு வாங்கி இந்தக் கண்காட்சியில் வைக்க வேண்டும். மாதிரிக்கும் உரிய கூலி தர வேண்டும். ஊரார் பார்த்துக் கருத்து எழுதட்டும். ஒரு சிற்பி, ஓர் ஓவிய ஆசிரியர், ஒரு பொறியாளர், ஊர் சார்பில் பெண்களும் ஆண்களுமாகச் சிலர் அமர்ந்து தேர்ந்தெடுக்கட்டும். இடமும் திசையும் சிற்பியோடு பேசி முடிவாகட்டும். பராமரிப்புக்கு ஒரு தொகை தனியே ஒதுக்கப்படட்டும். பீடத்தில் திறந்து வைத்தவர் பெயருக்கு இருக்கும் அளவு சிற்பியின் பெயருக்கும் இருக்கட்டும்.

என்ன சிலை என்று கேட்பீர்கள். அது ஊர் முடிவு செய்ய வேண்டியது. சிந்திப்பதற்காக இரண்டைச் சொல்கிறேன். 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் பிறந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். தலைப்பாகையும் கண்ணாடியும் அணிந்த குடியரசுத் தலைவராக அவரை நாடு அறியும். இந்த ஊரால் மட்டும் செய்யக் கூடிய சிற்பம் வேறொன்று: இதே தெருக்களில் பள்ளிக்கு நடந்து போகும் சிறுவன். பீடம் வேண்டாம். பள்ளி முற்றத்தில், மற்றப் பிள்ளைகளின் உயரத்தில் நிற்கட்டும். அவன் தோளில் கை போட்டு நிற்கும் பிள்ளைக்கு எந்தச் சொற்பொழிவும் தேவைப்படாது.

இன்னொன்று கடினமானது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி வட்டம் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லை குறித்த படாஸ்கர் பரிந்துரையும் 1959ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு வழிவகுத்தன. அவற்றுக்குப் பின்னால் எல்லைக்காகப் போராடிய ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார், கே. விநாயகம் ஆகியோரும், சிறை சென்ற எண்ணற்ற தொண்டர்களும் இருந்தார்கள். அந்தத் தியாகத்துக்குச் சிற்பம் வேண்டும் என்று கேட்பது நியாயம். அதே வேளையில் இந்த ஊரில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. ஒரு வீட்டிலேயே இரண்டு மொழியும் ஒலிக்கிறது. ஒரு மொழியின் உரிமையைப் போற்றி, இன்னொரு மொழியைப் புண்படுத்தாத உருவம் எது? வெற்றிச் சின்னமாக உயர்த்திய கையைச் செய்வது எளிது. தாய்மொழிக்காகச் சிறை வாசலில் நிற்கும் பெயரறியாத ஒரு தொண்டனைச் செய்தால், தமிழரும் தெலுங்கரும் அவன் முன் நிற்க முடியும். மொழிக்காக வருந்தியவர்கள் இரு பக்கமும் உண்டு. இப்படிப்பட்ட கேள்விக்குத் திறப்பு விழாத் தேதியால் விடை கிடைக்காது. மாதிரிகளை நடுவில் வைத்து, ஊர் உட்கார்ந்து, பல நாள் பேசித்தான் கிடைக்கும். அந்தப் பேச்சே அந்த நினைவுச் சின்னத்தின் முதல் பகுதி.

அன்பார்ந்தவர்களே, நம்பி அப்பி அரசர் அல்லர். ஒரு கோயில் எடுத்தார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் பெயரைச் சொல்கிறோம். கலைக்கு இடம் தருவது அரசாங்கத்தின் வேலை என்று அவர் காத்திருந்தால் இந்த ஊருக்கு அந்தக் கற்றளி கிடைத்திருக்காது. இன்று இந்த அரங்கில் ஓவிய ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், நெசவாளர் கூட்டுறவில் பணியாற்றுபவர்கள் இருக்கிறீர்கள், பள்ளி நிருவாகிகள் இருக்கிறீர்கள், கூத்துக் குழுவினர் இருக்கிறீர்கள். முதல் கண்காட்சிக்கு ஒரு மண்டபமும் சில மேசைகளும் கயிறும் விளக்கும் போதும். இந்த அறக்கட்டளை விரும்பினால் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவை அந்தக் கண்காட்சியின் நடுவிலேயே நடத்தலாம். யார் மண்டபம் தருவது, யார் படைப்புகளைத் திரட்டுவது, எந்தப் பத்து நாட்கள் என்பதை இன்று கலையும் முன் பேசி முடியுங்கள். திருத்தணிக்கு எந்தச் சிலை வேண்டும் என்பதை, அந்தக் கண்காட்சியைத் தொடர்ந்து பார்த்து வளர்ந்த தலைமுறை நம்மைவிடத் தெளிவாகச் சொல்லும்.